விசிறிப்பனைக்காகப் பின்னால் வந்த பஸ்

அன்று காலை பஸ் திருப்பத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று யாரும் கிளம்பக் கூடாது. வார்டு மெம்பர் வெள்ளையன் இருந்தார். ரேஷன் கடையில் எடை போடும் ராசு இருந்தான். நர்ஸ் ஸ்டெல்லா நாமக்கல்லில் மீட்டிங் என்று பையோடு நின்றார். என் மருமகள் பூங்கொடி பலாப்பழ மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலத்தெரு சடையம்மா இருந்தாள். அவளோடு நான் பேசுவதில்லை, ஆனாலும் இருந்தாள், எழுதத்தான் வேண்டும். வண்டிக்குள் டிரைவர் சுரேஷ். படிக்கட்டில் கண்டக்டர் மாதேசு. பிறகு நான்.

கிளம்புகிற நேரத்தில் மாதேசுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு இறங்கி என்னிடம் வந்தான். "அம்மாயி, நல்லமுத்து டிரைவரு போயிட்டாருங்களாமா. தூக்கத்துலயே போயிட்டாராமா" என்றான். வண்டியின் இன்ஜின் நின்றது. வெள்ளையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஸ்டெல்லா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் நிமிர்ந்து, திருப்பத்தின் நடுவில் நின்ற விசிறிப்பனையைப் பார்த்தோம்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நல்லமுத்து அண்ணன் மலைக்காரர் அல்லர். பேளுக்குறிச்சிப் பக்கம், அடிவாரத்தில் சொந்தக் காட்டில் வெள்ளாமை செய்கிற குடும்பம். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரோடு ரோடு முடிந்துவிடும். அந்த ரோட்டில் முதல் பஸ்ஸை ஓட்டிவந்தவர் அவர்தான். இரவு வண்டி இங்கேயே தங்கும். அவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு என் வீட்டில். முதல் நாள் சாமைச்சோறு போட்டேன். தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இது சோறுங்களா, குருவிக்கு வெச்சதுங்களா?" என்று கேட்டார். கேட்டவர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். நான் அந்தக் கேள்வியை விடவில்லை. அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு முதல் கரண்டி போடும்போதெல்லாம், "குருவிக்கு வெச்சதுங்க, கொத்துங்க" என்றுதான் போட்டேன். அவரும் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பவர் போலச் சிரித்தார்.

மலை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களைத் திட்டாத டிரைவர் அவர் ஒருவர்தான். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். யார் முகமாவது வெளுத்தால், கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொண்டு, "மோந்துக்கிட்டு வா சாமி" என்று பின்னால் நீட்டுவார். அந்த ஒரு பழம் வண்டி முழுக்கச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வரும்.

விசிறிப்பனை வந்த கதை இது. ஒருநாள் கடைசி நடையில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை கிடந்தது. பை நிறைய மண். மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனங்கன்று. யாருடையது என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து அதை இன்ஜின் மூடிமேல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினார். ஏறுகிறவர்களை எல்லாம், "இது உங்களுதுங்களா?" என்று கேட்டார். "ஆமா கண்ணு" என்று ஒரு கிழவி வாங்கிக்கொண்டு இறங்கி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தென்னைன்னு நெனச்சேன்" என்று ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் விட்டுப்போன சாமானை டிப்போவில் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைத்தார். "கொடையும் டிபன் பாக்சும்னா வாங்கி வெப்போம். இதுக்கு யாருய்யா தண்ணி ஊத்தறது?" என்று அவரிடமே தள்ளிவிட்டார்கள்.

பங்குனியில் ஒரு மழை விழுந்ததும், திருப்பத்துக்கு நடுவில் கடப்பாரையோடு நின்றார். அந்த இடம் பகலில் நான் மிளகு காயப்போடும் இடம். விடுவேனா?

"ஏனுங்க டிரைவரண்ணா, யாரக் கேட்டுக் குழி வெட்டறீங்க? நான் மொளகு கொட்டற எடம்."

"ஒரு பாய் அகலங்கூட வேண்டாம் அம்மிணி. பனைதானுங்களே. கொஞ்ச நாளைக்கு வடலியாப் படுத்திருக்கும். அப்பறம் கம்பமாட்ட நேரா போயிரும். நடுவுல ஒரு அடையாளம் இருந்தா, புதுசா வாரவன் சுத்தும்போது சரிவுல எறக்க மாட்டான்."

"நட்டுப்போட்டு நீங்க காலைல கெளம்பிருவீங்க."

"அதுக்குத்தானுங்க நடறேன்" என்றார். "காலைல ஒரு ஊரு, ராத்திரி ஒரு ஊருன்னு ஓடற பொழப்பு. நான் வெச்சது ஒண்ணாச்சும் வெச்ச எடத்துல நிக்கட்டும்."

மிளகை ஓரமாக ஒதுக்கிக்கொண்டேன். பையை மட்டும் பிளேடால் கிழித்து எடுத்துவிட்டு, மண் ஒரு கட்டி உதிராமல் இரண்டு கையிலும் ஏந்திக் குழிக்குள் இறக்கினார். தெரிந்து செய்ததல்ல, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பயம். அந்தச் செடிக்கு வேர் கலைந்தால் பிழைக்காது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பனையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. கொஞ்ச நாள் படுத்திருந்தது. அப்புறம் விரிய ஆரம்பித்தது. எங்களுக்குத் தெரிந்த பனை மாதிரி அல்ல. பச்சையே இல்லை, நீலம் போட்டு அலசிய வேட்டியின் நிறம். ஒரு மட்டை முழுதாக விரிந்தால் அதன் கீழே ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். கல்யாணம் ஆன ஜோடிகள் அடுத்த ஊரிலிருந்து வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தியதும் முதலில் பனையைச் சுற்றி வருவார். குருத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் கை கழுவ வருவார்.

கீழே இருந்து மரக்கன்று ஏற்றி வந்த லாரியில் ஒரு நர்சரிக்காரர் வந்தார். பனையைப் பார்த்ததும் லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். "இது விசிறிப்பனைங்க. சீமை மரம். பெரிய பங்களா முன்னாடி, பரந்த புல்லுத்தரைல ஒத்தையா வெப்பாங்க. இருபது அடிக்கு விரியுமுங்களே, இத்துனூண்டு எடத்துல எந்த மகராசன் வெச்சது?" என்று கேட்டார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டு, "யாரோ பஸ்சுல விட்டுட்டுப் போனாங்க" என்றார். அவர் சொன்னது முழுவதும் உண்மை என்று எனக்கு மட்டும் சிரிப்பு.

சிரிப்பு அதோடு சரி. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் என் பலாமரம். நடுவில் இந்த மட்டைகள். வண்டி சுற்றும்போது மட்டை ஜன்னலுக்குள் நுழைந்து ஆட்களைத் தடவியது. பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. மட்டைகளை எல்லாம் டயர் டியூபால் சேர்த்து, கொண்டை போட்ட மாதிரி மேலே தூக்கிக் கட்டினார். மழையில் நடுவில் தண்ணீர் நின்று குருத்து அழுக ஆரம்பித்தது. அவசரமாக அவிழ்த்துவிட்டார். நர்சரிக்காரரைத் தேடிப் போய்க் கேட்டுவந்தார். பிடுங்கி நகர்த்தினால் செத்துப்போகும். பச்சை மட்டையை வெட்டினால் நோஞ்சானாகிவிடும். தானாகக் காய்ந்து தொங்குவதை மட்டுமே எடுக்கலாம். அடிமரம் எழும்பி, மட்டை பஸ் உயரத்துக்கு மேலே போய்விட்டால் கீழே தாராளமாக வண்டி சுற்றும். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை.

"எத்தன நாளாகுமாமுங்க?" என்று கேட்டேன்.

"நாள்னு சொல்லல அம்மிணி. வருசம்னான்."

மறுநாள் மாலை பஸ் ஊருக்குள் பின்பக்கமாக வந்தது.

ஊருக்கு முன்னால் கோயில் வளைவில் ரோடு கொஞ்சம் அகலம். அங்கே வண்டியை ஒடித்துத் திருப்பி, அங்கிருந்து எங்கள் ஊர்வரை ஏற்றத்தில் பின்னாலேயே ஓட்டி வந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயில் வெற்றிலையோடு, கோடு போட்டது போலக் கொண்டுவந்து பனைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். அன்று மட்டும் என்று நினைத்தோம். தினமும் அப்படியே வந்தார். எங்கள் ஊர் மருமகள்கள் எல்லோரும் பின்பக்கமாகவே ஊருக்குள் வந்து இறங்கினார்கள். புதிதாக ஏறியவர்கள் பஸ் மலையிலிருந்து உருளுகிறது என்று கத்துவார்கள். எடப்புளி நாட்டுக்காரர்கள் சந்தையில் எங்களைப் பார்த்தால், "வாங்க, பொறத்தால வார ஊரா?" என்பார்கள். "எங்க பஸ்சு புதுப்பொண்ணாட்ட. வெக்கத்துல மூஞ்சியக் காட்டாமத்தான் வரும்" என்று நானும் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் ஓய்வு பெற்றபோது பனை அடிமரம் கண்டிருந்தது. ஆனால் மட்டை இன்னும் ஜன்னல் உயரத்தில்தான். அவர் இடத்துக்குச் சுரேஷ் வந்தார். இளம் வயது, நல்ல கை. ஆனால் பின்னால் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டார். "எதாச்சும் ஆச்சுன்னா என் வேல போயிருமுங்க" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. பஸ் கோயில் வளைவோடு நின்றது. பலாப்பழ மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஏற்றத்தில் ஊரே நடந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றே வெள்ளையன் கோடாலியோடு ஆளைக் கூட்டிவந்துவிட்டார். ஊர் கூடியது. பஸ்ஸா, பனையா என்பதுதான் பேச்சு. பஸ் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எப்படிச் சொல்லாமல் இருப்பார்கள்? மறுநாள் பொழுது சாய வெட்டுவது என்று முடிவாயிற்று.

செய்தி யார் மூலம் போனதோ தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் கோயில் வளைவில் இறங்கியவர்களோடு வேட்டியும் துணிப்பையுமாக அண்ணனும் இறங்கி நடந்து வந்தார். பனைக்கு அடியில் கோடாலிக்காரன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி நேராக வெள்ளையனிடம் போனார்.

"மெம்பரு, உங்களுக்கு பஸ்சு ஊருக்குள்ள வரோணும். அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதாங்க. எனக்கென்ன பனைமேல பகையா?"

"நாளைக்கு வரும். நான் பின்னால நின்னு விசிலு குடுக்கறேன். தம்பி கண்ண மூடிக்கிட்டு வந்தாப் போதும்."

"நாளைக்கு வரும். நாளான்னைக்கு?"

"நாளான்னைக்கும் இங்கதானுங்க இருப்பேன்."

வெள்ளையன் துணிப்பையைப் பார்த்தார். பை புடைத்திருந்தது. "துணியெல்லாம் எடுத்துக்கிட்டே வந்துட்டீங்களா?" என்றார்.

"போர்வையும் இருக்குதுங்க. உங்க மலைல குளுரு சாஸ்தி."

கோடாலிக்காரன் பீடியை அணைத்துவிட்டுச் சாப்பாடு எங்கே என்று கேட்டான். அண்ணன் என் வீட்டைக் காட்டினார்.

அப்படித்தான் ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் ஒரு மரத்துக்காக மலையில் குடியேறினார். ரேஷன் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தங்கினார். பஸ் வரும் நேரத்துக்குக் கோயில் வளைவுக்கு இறங்கிப் போவார். சட்டைப் பொத்தானில் விசில் தொங்கும். வண்டியின் பின்னால் நடந்து வந்துகொண்டே, "வரட்டும்... வரட்டும்... எடது பக்கம் ஒடி கண்ணு... நேரு..." என்று ஏற்றம் முழுவதும் குரல் கொடுப்பார். ஒரே மாதத்தில் சுரேஷ் அவரைப் போலவே பின்னால் ஓட்டப் பழகிவிட்டார். இருந்தாலும் விசில் இல்லாமல் ஓட்ட மாட்டார். மகன் வந்து கூப்பிட்டார்: "ஊர்ல கேட்டா என்னப்பா சொல்றது? பனைக்கு வாச்மேனுன்னா?" அண்ணன், "பஸ்சுக்கு முன்னால முப்பது வருசம் உக்காந்தேன், இப்பப் பின்னால நடக்கறேன்னு சொல்லு" என்றார். அண்ணனின் மருமகள் கோபித்துக்கொண்டு பேசவில்லை என்று கேள்வி. அந்தப் பெண்ணை நான் மன்னித்துவிட்டேன். அவரவர் வீட்டில் அவரவர் மாமனார் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை, ஆடி பதினெட்டுக்கு, பஸ் உயரத்துக்கு வெட்டிய ஒரு மூங்கிலை எடுத்துவந்து பனையடியில் நட்டுவைத்துப் பார்ப்பார். ஊரே வேடிக்கை பார்க்கும். மட்டை மூங்கிலுக்குக் கீழே இருக்கும்வரை, "இன்னுங் கொஞ்சம்" என்பார். சடையம்மா, "பனை வளருதா, இல்ல நீங்க மூங்கில வளத்தறீங்களா?" என்று ஒரு வருடம் கேட்டாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல பேச்சு அது.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சாப்பிட உட்காரும்போது பலமுறை சொல்லியிருக்கிறார். "ஸ்டியரிங்கு கேக்கலீங்க அம்மிணி. எனக்கு வயசாயிருச்சு, குடுக்கவும் மாட்டாங்க. பனை தல தூக்குன அன்னைக்கு, மொதோ மொதோ வண்டி அதச் சுத்தறப்ப, படியில நான் நிக்கோணும். ஒரே ஒரு சுத்து." இது ஊருக்குத் தெரியும். வெள்ளையனுக்குத் தெரியும். சுரேஷுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்தானே.

முழங்கால் விட்டுப்போன பிறகு மகன் வந்து கீழே கூட்டிப்போய்விட்டார். விசிலை மாதேசிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன ஆடியில் வெள்ளையனே மூங்கிலைப் பிடித்தார். மட்டை எல்லாம் மேலே. மூங்கில் நுனிக்கும் மட்டைக்கும் நடுவில் கை விட்டு ஆட்டிக் காட்டினார். ஊர் கைதட்டியது. ஒரு வெள்ளிக்கிழமையை முடிவு செய்தோம். அண்ணனை அழைத்துவரக் கார் பேசியாயிற்று. மேளத்துக்குச் சொல்லியாயிற்று. போனில் அவரிடம் நான்தான் சொன்னேன். "என்ன சோறுங்க அன்னைக்கு?" என்று கேட்டார்.

"குருவிக்கு வெச்சதுதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, பழைய காக்கிச் சட்டை. மகன் ஒரு பக்கம், வெள்ளையன் ஒரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். மட்டைக்கு அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தவர், "அடேயப்பா, என்னவிட ஒசந்துட்ட" என்று பனையிடம் சொன்னார். மகன், "இதுக்குத்தானாப்பா" என்று ஆரம்பித்து, மேலே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பஸ் அன்று முன்பக்கமாக ஊருக்குள் ஏறிவந்தது. ஊருக்குள் வண்டியின் முகத்தைப் பார்த்தே எத்தனையோ வருடம். பிள்ளைகள் சில பேர் பயந்து அழுதார்கள்.

படியில் ஏறி நிற்கப் போனவர், காலைத் தூக்கும் முன் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மழை பெய்திருந்தது. பனையைச் சுற்றி ஈர மண்ணில் டயர் தடம் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. முழு வட்டம். ஓரம் காய்ந்திருந்தது. நான் பார்த்தேன். அவர் பார்த்ததையும் பார்த்தேன்.

நிமிர்ந்து, "ஏங் கண்ணு, இதுதான மொத சுத்து?" என்று சுரேஷைக் கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் சுரேஷ்.

"செரி, எடு."

வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது கையை வெளியே நீட்டிக்கொண்டார். வண்டி மெதுவாக வளைந்தது. மட்டைகளின் நுனி கூரையில் உரசி, தாழம்பாயை இழுப்பது போலச் சத்தம் கேட்டது. மேளம் அடித்தது. பிள்ளைகள் வண்டியின் பின்னாலேயே ஓடினார்கள். அண்ணன் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு மேளத்துக்கும் மேலே கேட்டது. ஒரு சுற்று முடிந்ததும், "இன்னொண்ணு" என்றார். அதுவும் முடிந்ததும், "இன்னொண்ணு" என்றார். உள்ளே இருந்தவர்களுக்குத் தலை சுற்றியது. இறங்கி சுரேஷின் தோளைத் தட்டி, "நல்லா ஒடிச்ச சாமி" என்றார். அவ்வளவுதான். தடத்தைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. சாமைச்சோறு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு சுரேஷைக் கேட்டேன். "புதங்கெழம கடைசி நடைல, ஆளெல்லாம் எறங்கிப் போன பொறவு பாத்தனுங்க, எடம் இருந்துச்சு. திருப்பிட்டேன். ஒரு நெனப்புல செஞ்சதுங்க அம்மாயி" என்றார்.

அடக்கத்துக்கு எங்கள் ஊரிலிருந்து வண்டி நிறைய ஆள் இறங்கினோம். சடையம்மாவும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வேறு இடம் இல்லை. அவருடைய காட்டு வரப்பு ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வெள்ளையன் பாடைக்குத் தோள் கொடுத்தார். கோடாலியோடு வந்த அந்த நாளுக்காக அவர்மேல் நான் வைத்திருந்த கோபத்தை அந்த வரப்பிலேயே விட்டுவிட்டேன். கன்றைத் திருப்பித் தள்ளிய டிப்போக்காரர்களை விட்டேன். சந்தையில் கேலி பேசியவர்களை எப்போதோ விட்டாயிற்று.

அண்ணா, நல்லபடியாகப் போய் வாருங்கள். உங்கள் பனை வைத்த இடத்தில் நிற்கிறது. போன வாரம் இன்னொரு குருத்து விட்டிருக்கிறது. உள்ளங்கை அகலம் விரிந்திருக்கிறது. காலையில் முதல் வண்டி அதன் கீழே சுற்றிக்கொண்டுதான் போகிறது, நிறைய ஆளோடு.

அந்த முதல் சுற்றை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி சிரித்துக்கொண்டே படியேறினீர்கள். அது உங்கள் குணம். அடக்கத்தில் எல்லோரையும்விட அதிகம் அழுதவரும் அந்தச் சுற்றைச் சுற்றியவர்தான், அதையும் பார்த்தேன். அப்படியும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, டிரைவர் சுரேஷை.